தண்ணீர் முறைச் சக்கரம்

எண்பதுகளின் தொடக்கத்தில், கோடையில் விதைக்கும் ஒரு சிறுபோகத்தின்போது, விசுவமடுவில் எங்கள் வாய்க்காலின் பத்து வயல்களுக்கும் தண்ணீர் முறை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன் என்பதே என் தகுதி. ஒருவருக்கு ஒரு நாள். பத்து நாளில் சுற்று முடியும். எழுதப் பத்து நிமிடம் போதும். மாற்றி எழுதத்தான் நாள் முழுக்கத் தேவைப்பட்டது.

"அண்ணை, செவ்வாயில நான் தண்ணி கட்டமாட்டன். வெள்ளிக்குப் போடுங்கோ," என்றார் ஒரு வயல்காரர்.

"வெள்ளி உங்கட மச்சானுக்கெல்லோ?"

"அவன் விரதமெண்டு படுத்துக் கிடப்பான். கேக்கத் தேவையில்லை."

பின்னேரம் மச்சான் வந்து, தான் விரதமே பிடிப்பதில்லை என்றார்.

முறை தானாக ஓட வேண்டும் என்று முடிவுசெய்தேன். பிஸ்கற் ரின் மூடியொன்றில் பத்துப் பெயர்களையும் சிவப்பு எனாமல் பெயின்றால் வட்டமாக எழுதி, வாய்க்கால் மதகான துருசுக்குப் பக்கத்துக் கட்டையில் ஆணியடித்து மாட்டினேன். தினமும் காலையில் ஒரு பெயர் தள்ளிவிடுவேன். உச்சியில் நிற்கும் பெயருக்கு அன்று தண்ணீர். மாற்றம் கேட்டு வந்தவர்களிடம், "சக்கரத்தைக் கேளுங்கோ" என்றேன். மூன்று வாரம் தேநீரைச் சூடாகக் குடிக்க முடிந்தது.

நான்காம் வாரம், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வயல்கார அம்மா வந்தார். அவருடைய காணி மேடு. நெல் குடலைப் பருவத்தில் நின்றது. மறுநாள் முறை எனக்கு. அவருக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

"நாலு நாளு தாங்காதுங்க ஐயா. கதிரு வெளிய வராமலே காஞ்சிரும்."

"சக்கரம் அப்பிடித்தானே காட்டுது."

"ஒங்க வயல்ல தவளை கத்துது. நாளைக்குத் தண்ணி யாருக்குங்க, தவளைக்கா?"

என் காணி பள்ளம். தண்ணீர் அதில் தேங்கியே நின்றது.

மறுநாள் காலை, எங்கள் இருவர் பெயரையும் இடம் மாற்றி எழுதுவதற்காக, மண்ணெண்ணெய்த் துணியோடு சக்கரத்தின் முன் நின்றேன். எனாமல் இலேசில் போகவில்லை. தேய்த்துக்கொண்டிருக்கும்போதே செவ்வாய் வேண்டாமென்றவர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன அண்ணை, சக்கரத்துக்குக் குளிப்பாட்டோ?"

"அந்த அம்மான்ர பயிர் காயுது. என்ர முறையை அவாக்கு விடுறன்."

அவர் அம்மாவின் வயலில் இறங்கிப் பார்த்தார். நிலவெடிப்பில் அவருடைய பெருவிரல் முழுதாக நுழைந்தது. திரும்பி வந்து, துருசுப் பலகையைத் தூக்க எனக்கு ஒரு கை கொடுத்தார். தண்ணீர் அம்மாவின் வயல் பக்கம் திரும்பியது.

"துணியைக் கழுவிப்போடாதேங்கோ," என்றார், சைக்கிளில் ஏறியபடி. "பின்னேரம் நானும் மச்சானும் வாறம், எங்கட பேரையும் மாத்த."