இல்லாத கையின் முஷ்டி

போன ஞாயிற்றுக்கிழமை கோலார் தங்கவயல் ஊரிகத்தில் என் சகலை குமரேசன் வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டான்.

"ணா, இந்தக் கைய யாராவது பிரிச்சி உடுங்களேன்."

எந்தக் கை என்று கேட்கிறீர்களா? இடது கை. அதாவது... இல்லாத கை.

பங்காருபேட்டை ரோட்டில் பைக் சறுக்கி லாரியில் மாட்டியதில், முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் போன கை போகவில்லை. முஷ்டியை இறுக்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறதாம். நகம் உள்ளங்கையில் குத்துகிறதாம். ஏது நகம்? ஏது உள்ளங்கை? கேட்டால் முறைக்கிறான். தூக்கம் போச்சு. தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த மனுஷன், வீட்டைவிட்டே வெளியே வருவதில்லை.

அக்கம்பக்கத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமா? மந்திரிக்கச் சொன்னார்கள். ஒருவர், எடுத்த கையை எந்தத் திசை பார்த்துப் புதைத்தார்கள் என்று விசாரித்தார். நான் என் பங்குக்கு, "எல்லாம் பிரமைப்பா" என்றேன். "அப்ப பிரமைக்கு மாத்திர வாங்கிக் குடுங்க" என்றான்.

அவன் மனைவி மல்லிகாதான் முந்தின நாள் கோலாரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அவனை இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் சொன்னது இதுதான்: கையை அசை என்று ஆர்டர் போடுவது மூளை. போட்டதுமே, கை இந்நேரம் இங்கே வந்திருக்கும் என்று தானாக ஒரு கணக்கும் போட்டுக்கொள்ளும். அசைவு என்று நாம் உணர்வதில் பாதி அந்தக் கணக்குதான். கையே இல்லாவிட்டாலும் ஆர்டர் போகும். ஆனால் 'பிரித்துவிட்டேன்' என்று பதில் வராதே? மூளை பழைய முஷ்டியிலேயே மாட்டிக்கொள்ளும். சிலருக்குக் கண்ணாடி உதவும்; இருக்கிற கையின் பிம்பத்தைப் பார்த்து, இல்லாத கைதான் பிரிந்தது என்று மூளை நம்பிவிடும். முயன்று பாருங்கள்.

ஆக, நம் எல்லோர் தலைக்குள்ளும் ஒரு மேனேஜர்... ஆள் வேலையை விட்டுப் போனது தெரியாமல் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

கண்ணாடிக்கு எங்கே போவது? மல்லிகாவின் கல்யாண பீரோ கதவில் இருக்கிறதே. கதவைப் பாதி திறந்து நான் பிடித்துக்கொண்டேன். குமரேசன் கதவின் விளிம்புக்கு நேராக உட்கார்ந்தான். வலது கை கண்ணாடிக்கு முன்னால், இடது தோள் கதவுக்குப் பின்னால். கண்ணாடியில் பார்த்தால் — இடது கை. முழுசாக, விரலோடு.

"இப்ப இன்னா பண்ணணும்?"

"ரெண்டு கையும் மடக்குங்க. அப்புறம் மெதுவா பிரிங்க," என்றாள் மல்லிகா. "கண்ணாடியவே பாருங்க. மாமாவப் பாக்காதீங்க, சிரிப்பு வரும்."

மடக்கினான். பிரித்தான். ஒன்றும் இல்லை. மறுபடியும். எனக்குக் கை கடுத்தது. போதும் என்று நான் வாயெடுத்தபோது அவன் முகம் மாறியது.

"பிரியுதுணா," என்றான் மெதுவாக. "சுண்டுவெரலு... தோ, கட்டவெரலும்."

மல்லிகா குனிந்து, கதவுக்குப் பின்னால் அவன் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். வெறும் காற்று. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவனும் அழுதான். நான் கதவை விடவே இல்லை.

அதிலிருந்து பீரோவுக்கு முன்னால்தான் குடித்தனம். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் தூங்குகிறான். மறுபடி ரயிலேறப் போகிறேன் என்கிறான்.

ஒரே ஒரு சிக்கல். நேற்று அரசியல் பேசி எங்களுக்குள் சண்டை. அவன் இடது தோள் சட்டென்று முன்னால் வந்தது.

"இன்னாப்பா பண்ண?"

"ஒண்ணும் இல்லணா. உட்டேன் ஒரு அறை."

எனக்குப் படவில்லை. அவனுக்குத்தான் உள்ளங்கை எரிகிறதாம்.