அம்மா வீட்டுக்குப் போய்வந்த பகல்

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? அடுத்தவள் வீட்டுப் படுக்கையில் என்ன நாறியது என்று தெரிந்துகொள்வதில் அப்படி என்ன ருசி? சரி, உட்காருங்கள். கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தக் கூடாது. அந்த வேலையை நானே செய்து முடித்தாயிற்று.

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரைக் குப்பத்தில் எங்கள் வீடு. எழுபதுகளின் தொடக்கம். வலை போட்டுவிட்டுத் தோணியிலிருந்து இறங்கிய என் வீட்டுக்காரர் அப்படியே கரையில் சரிந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அதுவரை வாயை மூடாத மனுஷன். கொஞ்ச நேரம் வீட்டில் அமைதி வேண்டும் என்று அம்மனிடம் கேட்டிருந்தேன். அவள் மொத்தமாகக் கொடுத்துவிட்டாள்.

கஞ்சி ஊட்டுவது, பீ மூத்திரம் அள்ளுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் நான்தான். அவர் பனைமரம், நான் ஈர்க்குச்சி. கொழுந்தனாருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை. உதவி கேட்டால் வாசலிலேயே நின்று, "ஷிப்டு அண்ணி" என்பார். ஷிப்டு இல்லாத நாளிலும் அதே பதில். பக்கத்து வீட்டுப் பெண்கள் குழம்பு கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் அடுத்தவள் புருஷன் உடம்பை அவர்கள் எப்படித் தொடுவார்கள்? அவரும் பெண்கள் குரல் கேட்டாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

அப்படி இருக்கும்போதுதான் பெரியபாளையத்திலிருந்து ஆள் வந்தது. என் அம்மா கிடையில் விழுந்துவிட்டாள், என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். 'வருகிறேன்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் எல்லாருக்கும் பொது. யார் என்றைக்கு அங்கே வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். என் வீட்டுக்காரர் படுத்த பிறகும் அவர் பாடு முறையை ஊர் பறிக்கவில்லை. கூட்டாளிகள் அவருக்காக இறங்கி, எங்கள் பங்கு மீனை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

சீட்டுப் போடும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. நான் போனேன்.

"இன்னாமே, இங்க இன்னா வேல உனுக்கு?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"சீட்டு எடுக்க வந்தேன் மாமா."

"பொம்பள எடுக்கிற சீட்டா இது?"

"ஏரிக்கு இல்ல மாமா, எங்க ஊட்டுக்கு. அவருக்காக நீங்க தண்ணில எறங்கறீங்க இல்ல? அதே மாறி அவராண்டயும் ஒரு பாடு இருங்க. ஒரு பகலு போதும். எங்கம்மா சாவக் கெடக்குது."

கும்பலில் இளசு ஒருவன் இளித்தான். "குண்டி கழுவணுமா அண்ணி?"

"ஆமாண்டா. உன்னுத கழுவறப்போ உங்கம்மா சீட்டு கேட்டாளா?"

சிரித்தார்கள். பிறகு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வலை அறுந்த தகராறில் என் வீட்டுக்காரரோடு பேச்சை விட்டிருந்த கிழவர் ஒருவர்தான் எழுந்தார்.

"மொத பாடு என்னுது. கரடி மாறி கீறான், செரச்சியும் உடறேன்."

மறுநாள் விடிந்ததும் அவரோடு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். எப்படிப் புரட்டுவது என்று காட்டிக்கொடுத்தேன். நான் கிளம்பியபோது வீட்டுக்காரர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "சாயங்காலம் வந்துருவேன், எவனோட ஓடப்போறேன் இந்த மூஞ்சிய வெச்சிக்கினு?" என்றேன். விடவில்லை. விரல்களை நானே பிரித்து எடுத்தேன்.

ரயில், பஸ், அப்புறம் நடை. அம்மா பாயோடு பாயாகக் கிடந்தாள். சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். அவள் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாடி இப்டி காஞ்சி பூட்ட? தூங்கறியா இல்லியா? இப்டி வந்து படு."

ஒரு நிமிஷம் என்று நினைத்துத்தான் அவள் பக்கத்தில் தலையைச் சாய்த்தேன். கண்ணைத் திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் கை என் தலைமேல் இருந்தது. தம்பி பெண்டாட்டி நின்றிருந்தாள்.

"அண்ணி, பஸ்ஸு பூடும்."

"ஏண்டி எழுப்பல?"

"அத்ததான் உடல. கிட்ட வந்தாலே கைய ஓங்குது."

கிளம்பும்போது அம்மா சொன்னது ஒன்றுதான். "போ, அவரு காத்துக்கினு இருப்பாரு."

திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் மழமழவென்ற முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரையோ நண்டு கடித்த கதையை அந்தக் கிழவர் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் உயிர் போகும்வரை வாரம் ஒருவர் முறை வைத்து வந்தார்கள். எனக்கு முதுகு நிமிர்ந்தது.

அம்மா மட்டும் அடுத்த அமாவாசையைப் பார்க்கவில்லை. துக்கம் கேட்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள், "நல்ல வேள, உசுரோட பாத்து ஒருநாளு பேசிட்டு வந்தியே. இன்னாடி பேசுனீங்க?" என்று கேட்டார்கள்.

"பேசி மாளல யக்கா," என்றேன். "எங்க மாமியாரத் திட்டறதுலயே பாதி நாளு பூட்ச்சி. வாய மூடவே இல்ல ரெண்டு பேரும்."