லெப்ட் பீல்டில் இருந்து வந்த பந்து

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினொரு வருடங்களாக வேலை செய்கிறேன். சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி மேல்மாடிகளுக்கு அனுப்புவதும், பிறகு மாடிகளுக்குப் போய்த் தட்டுகளை எடுத்து வந்து வழித்துக் கழுவப் போடுவதும்தான் என் வேலை. யார் எதைச் சாப்பிட்டார், யார் எதை ஒதுக்கினார் என்பது அங்கே என்னைப்போல் வேறு ஒருவருக்கும் தெரியாது.

சென்ற வசந்தகாலத்தில் ஒரு மீற்றிங் நடந்தது. இரவுச் சாப்பாட்டில் பாதி அப்படியே திரும்பி வருகிறது, பலருக்கு எடை குறைகிறது, என்ன செய்யலாம் என்று மனேஜர் கேட்டார். அவர் உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. கிட்டத்தட்ட என் வயது. மீற்றிங்குகளில் நான் வாய் திறப்பதில்லை. அன்றைக்கு ஏனோ கையை உயர்த்தினேன். மத்தியானச் சாப்பாட்டைப் பெரிதாக்கிவிட்டு, இரவுக்குச் சூப்பும் ஒரு துண்டுப் பாணும் முட்டையும் மட்டும் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

மனேஜர் சிரித்தார். அது லெப்ட் பீல்டில் இருந்து வந்திருக்கிறது என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். உடனே அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள்.

லெப்ட் என்றால் இடது, பீல்ட் என்றால் வயல். தனித்தனியே தெரியும். சேர்த்துச் சொன்னபோது ஒன்றும் விளங்கவில்லை. சிரிப்பு மட்டும் நன்றாக விளங்கியது.

அஜின்கோர்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் கேட்டேன். அவர் தேத்தண்ணியை ஊதியபடி யோசித்தார்.

"உம்மை இடதுசாரி எண்டு சொல்லியிருப்பாவோ? கவனமா இரும். யூனியன் ஆள் எண்டு நினைச்சிட்டா போல."

"நான் சூப்பைப் பற்றித்தானே கதைச்சனான்!"

"எல்லாருக்கும் ஒரே சூப் எண்டால் இடதுசாரிதான்."

அவர் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். நான் என் தட்டைப் பாதியோடு கழுவப் போட்டேன்.

அடுத்த நாள், துணி வெளுக்கும் லோன்றியில் வேலை செய்யும் மன்னார்க்காரர் ஒருவரிடம் போனேன். நாற்பது வயது இருக்கும். என்னை அக்கா என்பார். பேஸ்போலுக்குத் தம்பி போன்ற சொப்ட்போலுக்கு எங்கள் இல்லத்தில் ஒரு ரீம் உண்டு; அதை நடத்துகிறவரும் அவர்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மடித்து வைத்த முகம் துடைக்கும் துணிகளில் நான்கை எடுத்து மேசையில் ஒரு சதுரமாக வைத்தார்.

"இது பேஸ்போல் கதை அக்கா. இந்தத் துண்டுதான் ஹோம். இதில நிண்டு அடிச்சிட்டு, ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு சுத்தித் திரும்ப ஹோமுக்கு ஓடிவர வேணும். அடிக்கிற ஆளின்ர இடக்கைப் பக்கம், தூரத்தில கிடக்கிற புல்லுத்தரைதான் லெப்ட் பீல்ட். மூண்டாவதில திரும்பி ஹோமுக்கு ஓடுற ஆளுக்கு அது முதுகுப் பக்கம். அங்கயிருந்து பந்து வந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதால, ஒருத்தரும் எதிர்பாராத கதை வந்தால் லெப்ட் பீல்டில இருந்து வந்தது எண்டுவினம். வேற விளக்கமும் இருக்காம். நான் கேட்டது இது."

"அப்ப, நல்லதோ கூடாததோ?"

"அது சொல்லுற ஆளைப் பொறுத்தது. இவவுக்கு விசர், மூளை பிசகிட்டுது எண்டும் எடுக்கலாம், நான் நினைச்சே பாக்கேல்லை எண்டும் எடுக்கலாம்."

மனேஜர் எதை நினைத்துச் சொன்னார்? அதுதான் என்னை அரித்தது. நான் துணிகளைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டு மன்னார்க்காரர் சொன்னார், "செவ்வாய்க்கிழமை வேலை முடிய, பின்னால இருக்கிற பார்க்கில விளையாடுறம். எங்களுக்கு ஒரு ஆள் குறையுது. வாங்கோ, உங்களை லெப்ட் பீல்டிலயே விடுறன்."

போனேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கம்பால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாடிய கைதானே என்ற துணிவு. அன்றைக்குச் சமையலறையும் லோன்றியும் ஒரு பக்கம், ஒபிசும் தாதிகளும் மறுபக்கம். ஒரு மணித்தியாலம் புல்லில் சும்மா நின்றேன். வெயில் சாய்ந்து இதமாக இருந்தது. கடைசியில் ஒரு தாதி ஓங்கி அடித்த பந்து என்னை நோக்கி உருண்டு வந்தது. ஓடிப்போய் எடுத்து நிமிர்ந்தால், மூன்றாவதைக் கடந்து ஹோமுக்கு ஓடிக்கொண்டிருந்தது எங்கள் மனேஜர்.

"எறியுங்கோ அக்கா, எறியுங்கோ!" என்று லோன்றிக்காரர் கத்தினார்.

ஹோமில் நிற்கிறவரிடம் எறிய வேண்டும் என்று அவர் முன்பே சொல்லித் தந்திருந்தார். ஆனால் எல்லேயில் ஓடுகிற ஆளுக்குப் பந்தால் எறிந்தால்தான் அவுட். கை பழையதையே செய்தது. சொப்ட்போல் பெயரில்தான் மெது; பந்து கல்லுப்போல. மனேஜரின் முதுகில் அது பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவர் இரண்டு அடி தடுமாறி முழங்காலில் விழுந்தார்.

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். மன்னிப்புக் கேட்டேன், எல்லேயைப் பற்றி உளறினேன், எங்கள் ஊரில் இப்படித்தான் அவுட் ஆக்குவது என்று கையைக் காட்டினேன். அவர் புல்லில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "இது நிஜமாகவே லெப்ட் பீல்டில் இருந்து வந்தது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இம்முறை நானும்.

மைதான ஓரத்து மரவாங்கில் அவரை இருத்தி, ஐஸ் பையை அவர் முதுகில் நானே பிடித்தேன். முகத்தைப் பார்க்காமல் பேசுவது எனக்குச் சுகமாக இருந்தது. மீற்றிங்கில் என் கதையையும் அப்படித்தானே சொன்னீர்கள், அது அவ்வளவு மோசமான யோசனையா என்று கேட்டுவிட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "இல்லை. எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் சிரித்தேன். பிறகு மறந்தும் போனேன். அது என் பிழை. இப்போது சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். மத்தியானத் தட்டுகள் வழித்துத் துடைத்து வருவதையும், இரவுச் சாப்பாடு போகும் ஐந்து மணிக்கு அவர்கள் களைத்துப்போய்க் கரண்டியைத் தூக்கவே பஞ்சிப்படுவதையும், ஆனால் சூப்புக் கிண்ணம் மட்டும் எப்போதும் வெறுமையாக வருவதையும் சொன்னேன். ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது.

அடுத்த மீற்றிங்கில், அன்று சிரித்தவர்களுக்கு முன்னால், இது யாருடைய யோசனை என்று என்னைக் காட்டிச் சொன்னார். உணவு நிபுணர் சத்துக் குறையாமல் ஒரு பட்டியல் போட்டுத் தந்தார். மூன்றாம் மாடியில் இரண்டு கிழமை, பதினான்கு இரவுகள், பரீட்சித்துப் பார்த்தோம். எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. இரவுக்கு இறைச்சி எங்கே என்று ஒரு முன்னாள் தபால்காரர் தட்டைத் தள்ளிவிட்டார். அவருக்குப் பழையபடியே கொடுத்தோம். மற்றவர்களின் தட்டுகள் மெல்ல மெல்ல வெறுமையாகத் திரும்பின. இந்த வருடம் நான்கு மாடிகளுக்கும் அதே முறைதான். செவ்வாய்க்கிழமைகளில் லெப்ட் பீல்டில் நான்தான் நிற்கிறேன். பந்தை ஹோமுக்கு எறியப் பழகிவிட்டேன்.

போன கிழமை பருப்பும் உள்ளியும் மிளகும் போட்டு ஒரு சூப் வைத்தோம். மூன்றாம் மாடியில் ஓர் அம்மா இருக்கிறார். வந்த நாள் முதல் எதையும் கொறித்துவிட்டு வைப்பவர். தட்டுகளை எடுக்கப் போனபோது கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சூப் முடிந்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியால் சமையலறைக்கு இறங்கிப் போனேன்.