காளியாயி வீட்டு சுவிட்ச்

நாகலூரில் பஸ் நிற்கும் இடத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். ஊரில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்கு மனப்பாடம். ஒருத்தி வெற்றிலை வாங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தி பஸ்ஸைவிட்டு இறங்கினால், முதல் ஆள் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் நடையைக் கட்டிவிடுவாள். காளியாயியும் ராசாத்தியும் அப்படித்தான். அண்ணனையும் தம்பியையும் கட்டிய ஓரகத்திகள். இரண்டு புருஷன்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவே எதிரெதிராக இரண்டு வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், கூப்பிட மனசு வரவேண்டும்.

சண்டை ஒரு சில்வர் ஓக் மரத்தால் வந்தது. மரம் காளியாயி நிலத்தில் நிற்கிறது. அதில் ஏறியிருக்கும் மிளகுக்கொடி ராசாத்தி நட்டது. ஒரு வருஷம் விளைச்சல் கொட்டியது. யார் பறிப்பது என்று பேச்சு தடித்தபோது ராசாத்தி கேட்டாள், “புள்ள குட்டி இல்லாதவளுக்கு மொளகு எதுக்கு? யாருக்குச் சேத்து வெக்கப் போற?”

கேட்டது யாரை? தன் மகன் பிரபாகரை இடுப்பில் சுமந்து வளர்த்தவளை. ராசாத்தி எஸ்டேட் வேலைக்குப் போன நாளெல்லாம் அந்தப் பிள்ளைக்குக் களி பிசைந்து ஊட்டியது காளியாயிதான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் மிளகை வருஷாவருஷம் ராசாத்தியே பறிக்கிறாள். குழம்பு ருசித்ததா என்று நான் கேட்டதில்லை.

பேச்சு அறுந்தாலும் ஒரு ஒயர் மட்டும் அறுபடவில்லை. அதுதான் கேபிள் ஒயர். அவ்வளவு தூரம் மரத்துக்கு மரம் கட்டி இழுத்து வந்ததில் படம் மங்கிவிடும் என்று, கேபிள்காரர் காளியாயி வீட்டுச் சுவரில் பூஸ்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தார். அது அவள் வீட்டு கரண்டில் ஓடும். அதற்குப் பதிலாக அவளுக்குக் கேபிள் இலவசம். பூஸ்டருக்கு ஒரு சுவிட்ச் உண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் காளியாயி அதைப் போடுவாள், எதிர்வீட்டில் படம் வரும். ராசாத்தி பார்க்கிற கடைசி நாடகம் முடிந்த பிறகுதான் அணைப்பாள்.

“எனக்காகவா போடறா? அவ நாடகம் பாக்கோணுமே, அதுக்குப் போடறா” என்பாள் ராசாத்தி.

போன கார்த்திகையில், எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம் இறங்கிய ஒரு சாயங்காலம், ராசாத்தி வீட்டு டிவியில் படம் வரவில்லை. அவள் வீட்டு பல்பு எரிந்தது, ஆகவே கரண்ட் போகவில்லை. கேபிள்காரருக்குப் போன் போட்டாள்.

“பூஸ்டர்ல கரண்ட் இருக்காதுங்க. எதுத்த ஊட்டுல போயி ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்” என்றார் அவர்.

“அவ வாசப்படிய நான் மிதிக்கமாட்டனுங்க. வேணும்னே அமத்திப்போட்டு இருட்டுல குந்தியிருக்கறா.”

அந்த நேரம் காளியாயி தன் வீட்டுத் தரையில் கிடந்தாள். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, வாய் கோணி, சத்தம் எழும்பாமல் கிடந்தாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கதை சொல்ல எனக்கு மனசில்லை.

மறுநாள் விடிந்து வெகுநேரமாகியும் காளியாயியின் கோழிகள் கூண்டுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தன. ராசாத்தி காதிலும் விழுந்தது. “கோழியத் தொறந்து உடக்கூட மகாராணிக்கு நேரமில்லையாட்டம்” என்று முனகிக்கொண்டே தலைவாரி, ஏற்காடு போகிற பஸ்ஸுக்கு என் கடைக்கு வந்து நின்றாள்.

“டிஷ் வாங்கப் போறன். இனி எவ சுவிட்ச நம்பியும் நான் இல்ல” என்றாள்.

“ஒரு எட்டுப் போயி என்னன்னு கேட்டாத்தான் என்ன?” என்றேன்.

“நீ உன்ற யாவாரத்தப் பாரு.”

பட்டால்தான் தெரியும் என்கிற ஜாதி அவள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

ஏற்காட்டில் மாரியப்பனின் டிவி கடையில் நடந்ததையெல்லாம் பின்னால் அவளே என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். முதலில் பழைய காலத்துக் கம்பி ஆன்டெனாதான் கேட்டிருக்கிறாள். ஓட்டு மேல் மூங்கிலில் கட்டித் திருப்பித் திருப்பி வைப்போமே, அது.

“அதுக்கு இப்ப படம் அனுப்பறதில்லீங்கக்கா. கட்டினா காக்காதான் குந்தும்” என்றிருக்கிறார் மாரியப்பன். சேலத்திலிருந்து வந்து கடை போட்டவர், பொறுமைசாலி. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுகிற டிஷ் ஒன்று, ஒருதரம் மாட்டினால் காசே கேட்காத டிஷ் ஒன்று என்று இரண்டையும் விளக்கினார். காசு கேட்காததில் அவள் பார்க்கிற நாடகம் வராது. அதனால் ரீசார்ஜ் டிஷ் என்று முடிவானது. அப்புறம் டிஷ்ஷின் தட்டு சின்னக் குடையா, பெரிய குடையா என்ற பேச்சு.

“நம்ம மலையில மேகம் நொம்ப எறங்குமுங்க. சின்னதுல படம் வெட்டி வெட்டி வரும். பெருசு தாக்குப் புடிக்கும்.”

“பெருசே குடுங்க. எதுத்த ஊட்டுக்காரி கண்ணுல படோணும்” என்று குடையை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் தட்டிப் பார்த்த நேரத்தில் காளியாயிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

அடுத்த நாள் காலையில் டிஷ் மாட்ட சரவணன் பைக்கில் வந்தான். மூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது. ராசாத்தி வீட்டு மேல் ஏறி, தென்கிழக்கே குடையைத் திருப்பினான். சிக்னல் மீட்டர் கத்தவே இல்லை. வாசலில் வைத்துப் பார்த்தான், மாட்டுக்கொட்டகை மேல் வைத்துப் பார்த்தான். எங்கே வைத்தாலும் அந்த ஒரே சில்வர் ஓக், மிளகுக்கொடியைச் சுற்றிக்கொண்டு, பார்க்கவேண்டிய வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

“மரத்த வெட்டோணுமுங்க. இல்லீனா அந்த ஊட்டு மேல மாட்டி ஒயர் இழுத்துக்கலாம். கேட்டுட்டு வரட்டுங்களா?”

“அவகிட்டப் போயிக் கேக்கறதா? மரமும் அவுளுது.” ராசாத்தி பல்லைக் கடித்தாள். “போ. நான் சொன்னன்னு சொல்லாத.”

சரவணன் கதவைத் தட்டினான். கூப்பிட்டான். பதில் வராததால் பக்கத்து ஜன்னலைத் தள்ளிப் பார்த்தான். அவன் போட்ட சத்தம் ரோட்டுக்கே கேட்டது.

“யக்கா! ஓடியாங்க! இந்தம்மா உழுந்து கெடக்கறாங்க!”

ராசாத்தி ஓடினாள். மிதிக்கமாட்டேன் என்ற வாசப்படி எங்கே இருந்தது என்றே தனக்குத் தெரியவில்லை என்று பின்னால் சொன்னாள். சரவணன் தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டது. சுவிட்ச் போர்டுக்கு நேர் கீழே காளியாயி கிடந்தாள். வலது கை சுவரோரம் நீண்டிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. ராசாத்தியைப் பார்த்ததும் அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி ஏற்காடு, அங்கிருந்து சேலம் பெரியாஸ்பத்திரி. வெளியூரில் வேலை பார்க்கிற பிரபாகர் போட்டது போட்டபடி ஓடி வந்தான். உயிர் நின்றது. வலது பக்கமும் பேச்சும் திரும்பாது என்றார்கள். விழுந்த அன்றே கொண்டுவந்திருந்தால் ஒருவேளை, என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். ராசாத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டாராம்.

மாற்றுச்சேலை எடுக்க மறுநாள் ராசாத்தி வந்தபோது நானும் துணைக்குப் போனேன். கோழிகளைத் திறந்துவிட்டுவிட்டு உள்ளே நுழைந்தோம். மூலையில் டிவியின் மேல் ஒரு பழைய வேட்டி போர்த்தியிருந்தது. அதன் மேல் சேர்வராயன் சாமி படம், குங்குமச் சிமிழ், ஒரு அகல்விளக்கு. சேலை தேடிய கை பட்டு வேட்டி நழுவியது. டிவியின் கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டிருந்தது. பின்பக்கத்து ஒயர் சுருட்டி, சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. கயிற்றின் மேல் விரல்கனம் தூசி.

“இது ஓடி எத்தன வருசமாச்சு?” என்று என்னைக் கேட்டாள். எனக்கெப்படித் தெரியும்? சுவரில் பூஸ்டரின் சுவிட்ச் மட்டும் தினமும் விரல் பட்டுப் பளபளவென்று இருந்தது. அதையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியே தரையில், காளியாயி கிடந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கோசரம் போட்டிருக்கறா, வெண்ணிலா. அந்தப் பேச்சுப் பேசின எனக்கோசரம் தெனமும் போட்டிருக்கறா.”

அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

காளியாயி இப்போது ராசாத்தி வீட்டில் இருக்கிறாள். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் ராசாத்திதான். மன்னிப்பும் கேட்டாள், என் காதுபடவே. காளியாயியால் பதில் சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். மரத்தை வெட்டவில்லை. பெரிய குடை காளியாயி வீட்டு ஓட்டின் மேல் இருக்கிறது. அங்கிருந்து ஒயர் இங்கே வருகிறது. சரவணனிடம் சொல்லி, டிவிக்கான சுவிட்சைக் கட்டிலின் இடதுபக்கம், காளியாயியின் நல்ல கைக்கு எட்டுமாறு தாழ்வாக வைத்துக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் காளியாயிதான் போடவேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். ராசாத்தி உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்தாள். இருட்டிவிட்டது. டிவி வரவில்லை. களித்துடுப்பு விழுந்து உருளும் சத்தம் கேட்டது. கையெல்லாம் மாவோடு ஓடிவந்து கட்டிலடியில் விழுந்தாள்.

“அக்கா! அக்கா, என்ன பண்ணுது?”

காளியாயி சும்மா கண்ணயர்ந்திருந்தாள், அவ்வளவுதான். விழித்து, தன் கையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவளைப் பார்த்தாள். பிறகு அந்த மாவுக்கையிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, சுவரைத் தடவி, சுவிட்சைப் போட்டாள்.