வளரும் வயசு என்று விட்டுவிட்டேன்

குரும்பகரத்தில் இருக்கிறோம். என் மகள் அபிநயா எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பெரியவளான சில மாதங்களில் ஆளே மாறிப்போனாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். உடம்பு இளைத்துச் சுடிதார் தொளதொளத்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தாள், அடிக்கடி பாத்ரூம் போனாள்.

“வளர்ற வயசு அண்ணி, அப்படித்தான் இருக்கும்” என்றாள் என் நாத்தனார். நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

ஒரு நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பியவள் வாந்தி எடுத்துத் தரையில் சுருண்டுவிட்டாள். மூச்சு இரைத்தது. “பயமா இருக்கும்மா” என்றவள், பிறகு கூப்பிட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு காரைக்காலுக்கு ஓடினோம்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர், “சர்க்கரை ரொம்ப ஏறியிருக்குங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா புள்ளயக் காப்பாத்துறது கஷ்டமாயிருக்கும்” என்றார்.

“சின்னப் புள்ளைக்குமா சர்க்கரை வரும்?” என்று கேட்டு என் கணவர் உடைந்து அழுதார்.

பிழைத்து வந்துவிட்டாள். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். இப்போதும் சில நேரம் எரிந்து விழுகிறாள். அது வயசுதான் என்று நானாக முடிவு செய்வதில்லை. முதலில் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கிறேன். அளவு சரியாக இருந்தால், நிம்மதியாக அவளிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.