மூன்றாம் எண் பாய்லர்

கொடியில் காய்ந்த துணியை இரண்டு முறை உதறிவிட்டுத்தான் மடிப்பேன். டெல்லி முனிர்காவில் எனக்குப் பக்கத்து அறையில் இருக்கும் பீகார்ப் பெண் இதைப் பார்த்து, பூச்சி ஏதும் விழுந்துவிட்டதா என்று கேட்பாள். அனல் மின் நிலையக் குடியிருப்பில் இருபது வருடம் சாம்பலோடு வாழ்ந்தவளுக்குக் கை தானாகவே உதறும் என்பதை அவளுக்கு எந்த இந்தியில் சொல்வது? யமுனைக் கரையிலிருந்த அந்த நிலையத்தை மூடிப் பல வருடமாகிறது. இப்போது அது சுற்றுலாத் தலம். புகைபோக்கிக்குக் கலர் விளக்கு போட்டிருக்கிறார்கள். நிலக்கரி கொட்டிய இடத்தில் காபிக் கடை.

என் மகன் முருகேசன் அங்கே கைடு. ஒப்பந்த வேலைதான். போன ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொல்லாமலே பார்க்கப் போனேன். மஞ்சள் ஹெல்மெட்டை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு ஆட்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் எண் பாய்லர் முன்னால் நின்று அவன் இந்தியில் பேசிக்கொண்டிருந்தான். "என் அப்பா இங்கேதான் வேலை பார்த்தார். இந்த பாய்லர் எனக்கு இன்னொரு தாய் என்பார். கடைசி நாள் இதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்." கூட்டம் கைதட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் கணவர் அந்த பாய்லரைச் சனியன் என்றுதான் சொல்வார். அதன் அடியில் சாம்பல் தள்ளுவது அவர் வேலை. ஒரு மே மாதம், சூடு அடங்கும் முன்பே உள்ளே போய், இறுகிக் கிடந்த சாம்பலை உடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலது கை முழங்கைவரை வெந்து வீட்டுக்கு வந்தார். நான் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "ஊருக்குப் போயிருவமா? தென்காசியில ஒரு சைக்கிள் கடை வச்சாலும் பொழச்சுக்கிடலாம்." முருகேசன் அப்போது பூசா ரோடு தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு. "பிள்ளை படிப்பு என்னாவும்? டெல்லியில இருந்தாத்தான் ஆபீசராவான்" என்றேன். அவர் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பதினோரு வருடம் இருமிக்கொண்டே வேலைக்குப் போனார். நிலையத்தை மூடிய மறுவருடம் அவரும் போய்விட்டார்.

கூட்டம் நகர்ந்ததும் மகனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏல, உங்கப்பா எப்பம்ல அப்படிச் சொன்னாவ?"

"அரே அம்மா, ஸ்கிரிப்ட்ல அப்படித்தான் இருக்கு. அப்பா இங்க வேலை பார்த்தார்னுதான் எனக்கு இந்த வேலையே குடுத்தாங்க."

"கை வெந்துச்சே, அது அதுல இருக்கா?"

"அது வெந்நீர் கொட்டினதுதானே? நீங்க ரெண்டு பேரும் அப்படித்தானே சொன்னீங்க?"

ஆமாம், நாங்கள்தான் சொன்னோம். பிள்ளை பயப்படக்கூடாது என்று சொன்ன பொய். அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஊருக்குப் போகலாம் என்று அவர் கேட்டதையும், நான் மறுத்ததையும், யாருக்காக மறுத்தேன் என்பதையும். அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதை நான் சொன்னா நாளைக்கு வேற கைடு வருவான், அம்மா."

அடுத்த கூட்டம் வந்தது. அவன் போய் பாய்லர் முன்னால் நின்றான். ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னான். இன்னொரு தாய் என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, தன் வலது கையை முழங்கைவரை தடவிக்கொண்டான். முதல் கூட்டத்தைவிட இந்தக் கூட்டம் பலமாகக் கைதட்டியது.

நான் வெளியே வந்துவிட்டேன். வாசல் காவலாளி என் சேலையைப் பார்த்து, "மாதாஜி, மதராஸ் குரூப் உதர்! ஜல்தி, ஜல்தி!" என்று ஒரு பஸ்ஸைக் காட்டினார். நான் அந்தக் குரூப் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். பஸ்ஸுக்குள்ளிருந்து தமிழ்ப் பேச்சு கேட்டது. கால் ஏறிவிட்டது. ஒரு அம்மாள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். "உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"தென்காசிப் பக்கம்" என்றேன்.

டூர் ஏற்பாட்டாளர் விரல் நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டி, கடைசி சீட்வரை போய்த் திரும்பினார். "நாப்பத்திரண்டு பேர்தானே வந்தோம்? ஒண்ணு கூடுதே" என்று முதலிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினார். உட்காராமலும் இறங்காமலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.