ஆடாமல் படுத்த பம்பரம்

என் அக்காள் வீட்டுக்காரருக்குத் தெருவே வைத்த பெயர் பம்பரம். எங்கள் சலூனில் இரண்டு நாற்காலி. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. சவரம் செய்யும்போதுகூட ஆளைச் சுற்றிச் சுற்றி வருவார், வாயும் ஓயாது. உட்கார்ந்திருப்பவரை மட்டும், "ஆடாதீங்க, கையில கத்தி இருக்கு" என்று அதட்டுவார்.

அவர் கண்ணில் புரை விழுந்தது. எதிர்க்கடை இஸ்திரிக்காரர் காதைக் கத்தி பதம் பார்த்ததோடு அவர் நாற்காலிக்கு ஆள் வருவது நின்றது. வேலையில்லாத பம்பரத்தை வைத்துக்கொண்டு மாரடிப்பது லேசா? சீப்பை எடுப்பார், வைப்பார், வாசலுக்கும் கண்ணாடிக்கும் நடப்பார். பார்க்கிற எனக்குத் தலை சுற்றும். கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று ஞாயிறுதோறும் என் தாடையைக் கொடுத்தேன். கீறல் விழுந்தால், அவர் திரும்பிய நேரம் பார்த்துப் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன்.

கண் ஆஸ்பத்திரியில் வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள் என்று அக்காள் விசாரித்து வந்தாள். மனுஷன் குதித்தார்.

"சும்மா குடுக்கிற லென்ஸு சொத்தையாத்தான் இருக்கும்."

"காசு கட்டுறவங்களுக்கும் அதே லென்ஸு, அதே டாக்டர்தான். அவங்க கட்டுறதுல நமக்கும் சேர்த்து நடக்குது. ஏசி ரூம் மட்டும் கிடையாது. உங்களுக்குக் கண்ணு வேணுமா, ஏசி வேணுமா?"

அவருடைய உண்மையான பயம் வேறு. அதை என்னிடம்தான் சொன்னார். "முழிச்சிருக்கும்போதே செய்வாங்களாம். அசையவே கூடாதாம். என்னால முடியுமா மாப்ளே?"

தூக்கத்திலேயே கட்டிலைச் சுற்றி வருகிற ஆசாமி. எனக்கும் சந்தேகம்தான்.

ஆபரேஷன் அன்று வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "உனக்கும் ஒட்டிக்கிச்சாடா?" என்று அக்காள் எரிந்து விழுந்தாள். கடைசியில் நர்ஸம்மா வந்து, "மரக்கட்டை மாதிரி கிடந்தாரு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை, அவரையே கேட்டேன்.

"கத்தி வச்சிருக்கிறவன் முன்னாடி ஆடலாமாடா? நானே ஊருக்கெல்லாம் சொல்றவன்."

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு மறுபடி கடைக்கு வந்தார். துண்டை உதறிப் போட்டுக் காத்திருந்தார். இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார், காதைத் தடவிக்கொண்டு என் நாற்காலிக்கே வந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை அப்படியே உட்கார வைத்துவிட்டு, அத்தானின் நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன்.

ஒரு கன்னத்தில் நுரை பூசினார். மறு கன்னத்தைத் திருப்பியவர் நிறுத்திவிட்டார்.

"இதென்ன கோடு?"

"பழசு அத்தான்."

விரலால் தடவினார். பக்கத்தில் இன்னொன்று, தாடைக்குக் கீழே இன்னொன்று.

"பழசு இல்லடா. எல்லாம் என் கத்தி. ஏண்டா சொல்லல?"

அவர் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றார். நடக்கவில்லை, பேசவில்லை. பம்பரம் அப்படி நின்று நான் பார்த்ததே கிடையாது.

"சும்மா நிக்காதீங்க அத்தான்," என்றேன். "நுரை காயுது."